என் கையில் தங்காத பன்னீர்ச் சொம்பு

எங்கள் சித்தப்பாவுக்கு யாரைப் பார்த்தாலும், இவரை எந்த வேலையில் நிறுத்தலாம் என்றுதான் யோசனை ஓடும். ஹூக்ளி ஆற்றங்கரையில் ஒரு சணல் கிடங்கில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர் அவர். இடக்கைக்காரனுக்குத் தராசின் இடப்பக்கம், குட்டையானவனுக்குத் தாழ்ந்த பரண், வாயாடிக்கு வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டும் வாசல் என்று பொறுக்கிப் பொறுக்கி வைப்பாராம். அதே கண்ணோடுதான் பவானிபூரில் நடந்த என் அக்கா கல்யாணத்தையும் பார்த்தார்.

வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலையை நான் அழுது வாங்கியிருந்தேன். கையில் வெள்ளிச் சொம்பு. வருகிறவர்கள் முதலில் பார்ப்பதே என்னைத்தான். ஆனால் சொம்பைத் தூக்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. பட்டில் கறை விழுந்தால்? கண்ணில் பட்டால்? ஒவ்வொருவரிடமும் "தெளிக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றேன். படியில் கூட்டம் தேங்கிவிட்டது. வெயிலில் நின்ற வங்காளி அம்மாள் ஒருத்தி, "கீ ஹோலோ, மா?" என்று, என்னம்மா ஆச்சு என்பதைத் தன் பாஷையில் கேட்டுச் சிரித்தாள்.

சித்தப்பா வந்தார். சொம்பை வாங்கி அத்தை பெண்ணிடம் கொடுத்தார்.

"அவ மட்டும் என்ன ஒசத்தி?" என்றேன்.

"ஒசத்தியாவது, மட்டமாவது! உனக்கு உள்ளே வேலை இருக்குடி, வா."

உள்ளே ஓர் அறையில் விருந்தாளிகளின் கைக்குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நான் காவலாம். கதவிடுக்கில் முற்றமும் அதைத் தாண்டி வாசலும் தெரிந்தன. அத்தை பெண் யாரையும் கேட்கவில்லை. ஒரு மாமாவின் மூக்குக்கண்ணாடியிலேயே தெளித்தாள். அவர் "போக்கிரி!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது. அவள் கை வழுக்கிச் சொம்பு விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, சொம்பு நசுங்கினால் வீட்டில் என்ன ஆகுமோ என்று பயந்து வேண்டுதலை வாபஸ் வாங்கினேன்.

அந்த எரிச்சலிலும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் மூக்கடியிலும் விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். கடைசிக் குழந்தைக்கு வருவதற்குள் முதல் குழந்தைமேல் சந்தேகம் வந்துவிடும்.

முற்றத்தில் பந்தி போட்டார்கள். இலைமுன் உட்கார்ந்த ஒரு தாய் பாதியில் எழுந்தாள். "கொழந்தைகிட்ட யார் இருக்கா?"

"நம்ம பயந்தாங்கொள்ளிதான்" என்றார் சித்தப்பா.

தாய்மார்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எழுந்தவள் திரும்ப உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் பாயசம் விடச் சொன்னாள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு அவர்களில் ஒருத்திகூட இந்தக் கதவுப் பக்கம் திரும்பாமல் ஆற அமரச் சாப்பிட்டது ஏன் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.