அக்கா முன்வாசல் வழியாக வந்த ஞாயிற்றுக்கிழமை

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எனக்குக் கொடுத்திருந்த வேலை மிகச் சிறியது. முதல் ஷிப்ட் முடிந்து, சேரப்பணஞ்சேரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் அவளைக் கொல்லைப்புறமாக அழைத்துவர வேண்டும்; யார் கண்ணிலும் படுவதற்குள் அவள் பட்டுப்புடவைக்கு மாறிவிட வேண்டும். அம்மா மூன்று முறை சொல்லி அனுப்பினாள். எனக்கு அப்போது பதினோரு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. பன்னிரண்டாவது முடித்த கையோடு செல்போன் கம்பெனியில் சேர்ந்தவள். வரன் கொண்டுவந்த மாமா எவ்வளவோ கெஞ்சியும் அன்றைக்கு அவள் லீவு போடவில்லை.

இறங்கியவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாத்துக்குடி கொல்லப்பக்கம்? நம்ம வூட்டுக்கு நான் திருடிகினா வரேன்?" என்றபடி நேராக நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, விடிகாலை நாலு மணிக்குப் பின்னிய சடை. அப்படியே கூடத்தில் நுழைந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளையின் தாயார் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குலாம் போவ வேணாம்மா. எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல" என்றார்.

"அப்ப இது சரிப்படாதுங்க" என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. "இப்பதான் என்னை லைன் லீடரா போட்டிருக்காங்க. எனக்குக் கீழ இருபது பேரு. வேலைய வுட மாட்டேன். கல்யாணமும் ரெண்டு வருசம் போவட்டும்."

மாமா எழுந்துவிட்டார். "பாத்துகினே கீறியே மச்சான், ஒரு வார்த்த சொல்லு!" என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

மாமா பேச்சுக்கு அதுவரை மறுபேச்சே பேசியறியாத அப்பா, "அவதான் சொல்ட்டாளே. அவ்ளோதான்" என்றார்.

வந்தவர்கள் காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டே கிளம்பினார்கள். பிறகு அக்கா, கழுவிய டம்ளரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஷிப்ட் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவுக்குக் கீழே வேலை செய்பவர்களை மதியத்துக்குள் ஐம்பது பேராக்கியிருந்தேன்.

அக்கா இருபத்திரண்டு வயதில், வேலையை விடாமலே, தனக்குப் பிடித்த ஒருவரை மணந்தாள். அன்று கூடத்தில் தனக்காக மட்டும்தான் அவள் பேசினாள் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நான் பன்னிரண்டாவது முடித்த வருடம், வரன் பேச்சை வீட்டில் யாருமே எடுக்கவில்லை. அப்பா கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிவந்து, தான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.