இருமிய தோட்டா

முதலில் என் மடைத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெடிமருந்து நிரப்பிய ஐம்பது பித்தளைத் தோட்டாக் கோதுகளை வாய் திறந்தபடி மேசையில் விட்டுவிட்டு, பிட்டு ஆறிவிடும் என்று கீழே சாப்பிடப் போனவன் நான். வீட்டில் தோட்டா செய்பவன் மறக்கக் கூடாத சட்டம் ஒன்று உண்டு: கோதுக்குள் மருந்தைப் போட்டால், மேலே சன்னத்தை, அதாவது ஈயக் குண்டை, வைத்து இறுக்கும்வரை கதிரையை விட்டு எழும்பாதே. அந்தச் சட்டத்தைச் செய்தவர் கத்தரிக்காய்க் குழம்போடு பிட்டு சாப்பிட்டிருக்கமாட்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். துவக்குச் சூட்டுச் சத்தத்துக்குப் பயந்து பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன்வரை ஓடி வந்தவன், இங்கே சுடுகிற சங்கமொன்றில் சேர்ந்து, பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து துவக்கு வைக்கும் அலுமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்து அனுமதிப் பத்திரம் தரும்வரை காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கடதாசி அட்டையைச் சுட்டுக்கொண்டிருக்கிறான். அவனை என்னவென்று ஏசலாம்? நண்பர்கள் எல்லா விதமாகவும் ஏசிவிட்டார்கள். என் மனைவி மட்டும் பத்து வருடமாக ஒரு சொல் சொன்னதில்லை. தோட்டாக்களை ‘உங்கடை சாமான்’ என்பாள். தொடமாட்டாள். அவள் சண்டை முடியும்வரை அங்கேயே இருந்து வந்தவள். இருந்த கதையை அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பகிடி விட்டுச் சிரிக்க முடியாத கதை ஒன்றை நான் எப்படிக் கேட்பது?

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டு பொக்ஸ் ரூமுக்குள் ஒரு கட்டில்கூடக் கொள்ளாது. அதற்குள் ஒரு சுவரில் சாமித்தட்டு, எதிர்ச்சுவரோடு என் மேசை, ஜன்னலடியில் ரேடியேட்டர் சூட்டில் குளிர்காலத்தைக் கடத்தும் ஒரு கறிவேப்பிலைச் சட்டி. விளக்கு எரியும் நேரத்தில் மருந்து மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும் என்பது எனக்கும் பிள்ளையாருக்கும் இடையிலான உடன்படிக்கை. இதுவரை அவர் மீறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பிட்டுக்குப் போகுமுன் டோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்த்தேன். என் பழைய துவக்குக்குக் கொஞ்ச மருந்துதான், பாதிக் கோதுக்குக்கூட வராது. ஒன்றுக்குள் இரண்டு அளவு விழுந்துவிட்டாலும் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்காது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ஐம்பது சாம்பல் நிறக் கண்மணிகள் ஒரே மட்டத்தில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தன. திருப்தியோடு கீழே போனேன். நான் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட, மனைவி கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விட மேலே போய்வந்தாள். பிறகு நான் போய்ச் சன்னங்களை வைத்து இறுக்கி, ஐம்பதையும் பெட்டிக்குள் அடுக்கினேன். மறுபடி டோர்ச் அடிக்கவில்லை. பார்த்ததைத்தானே திரும்பப் பார்க்க வேண்டும்?

ஞாயிறு காலை எட்டுத் தோட்டாக்கள் ஒழுங்காக வெடித்தன. எட்டு ஓட்டையும் அட்டையில் ஒரு கொத்தாக விழுந்தன. ஒன்பதாவது வெடிக்கவில்லை. இருமியது. பக்கத்து அறையில் யாரோ படுத்துக்கொண்டு இருமினாற்போல ஒரு சத்தம். தோளில் உதையே இல்லை. என் கை பழக்கத்தில் பத்தாவதை எடுத்துவிட்டது.

“ஏங்க! கைய எடுங்க!” அடுத்த இடத்தில் சுடும் நண்பர் கத்தினார். மலேசியாவில் பிறந்த தமிழர், ஓய்வுபெற்ற கணக்காளர். நூறு மீற்றர் தள்ளி நடக்கும் பிழையும் அவர் கண்ணில் படும். “அது வெடிச்சிச்சா, இருமிச்சா?”

“கொஞ்சம் சளி, தடிமன் போல,” என்றேன்.

“சிரிக்காதீங்க. அட்டையில ஒன்பதாவது ஓட்டை எங்க?”

ஓட்டை இல்லை. சன்னம் குழலின் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் பத்தாவதைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து என் முகத்தில் முடிந்திருக்கும். பாஸ்போர்ட்டுக்குப் புதுப் படம் எடுக்க வேண்டி வந்திருக்கும், படம் எடுக்க ஏதாவது மிஞ்சியிருந்தால்.

சங்கத்தின் பொறுப்பாளர் வந்து கம்பியால் தட்டிச் சன்னத்தை வெளியே எடுத்தார். நண்பர் குழலுக்குள் பார்த்தார். மருந்து பழுதாகி எரியாமல் விட்டிருந்தால் உள்ளே கட்டி கட்டியாகக் கிடந்திருக்கும். ஒன்றுமே இல்லை, கழுவி விட்டதுபோல. கோதின் அடியிலிருக்கும் தீப்பொட்டு மட்டும் தன் பலத்தில் சன்னத்தை அவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது.

“மருந்தே போடல நீங்க.”

“போட்டனான். கண்ணாலை பார்த்தனான்.”

“அப்ப அது வேற ஒண்ணுல ரெண்டா இருக்கு. வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் பிரிங்க. ஒண்ணு விடாம.”

மிச்சம் நாற்பத்தொன்று. வீட்டில் மேசையில் நிரையாக நிறுத்தினேன். அவற்றில் ஏதோ ஒன்று என்னைக் கொல்லக் காத்திருக்கிறது, எது என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாய்க் காதடியில் வைத்துக் குலுக்கினேன். எல்லாம் ஒரே குரலில் ‘ஸ்ஸ்’ என்றன. பேசாமல் இரு என்று நாற்பத்தொரு பேர் சொன்னதுபோல இருந்தது.

பிரிப்பதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவைப் பூட்டித் தரையில் ஓங்கி அடித்தால் சன்னமும் மருந்தும் கழன்று உள்ளே விழும். அடித்தேன். டொக். டொக். இருபதாவதோ என்னவோ, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள். “சொறி!” என்று கத்தினேன். அந்த வீடு விற்பனைக்குப் போட்டு இரண்டு மாதமாக வெறுமையாகக் கிடக்கிறது என்பது பிறகுதான் நினைவு வந்தது. ரேடியேட்டர்க் குழாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாக அடித்தேன்.

நாற்பத்தொன்றையும் பிரித்து, மருந்தைத் தனித்தனியே தராசில் நிறுத்தேன். எல்லாவற்றிலும் ஒரு அளவுதான். இரண்டு அளவு எதிலும் இல்லை. சுட்ட எட்டில் ஒன்றில் இருந்திருந்தால் என் தோள் சொல்லியிருக்கும். ஐம்பது கண்மணிகளை நான் பார்த்தேன். நாற்பத்தொன்பதுக்குத்தான் கணக்கு இருக்கிறது. அப்படியென்றால் ஒரு அளவு மருந்து இந்த அறைக்குள் எங்கேயோ கிடக்கிறது. மருந்து போட்ட ஒரு கோது, மேசையில் நின்றபடியே, தன்பாட்டில் வெறுமையாகியிருக்கிறது.

நவம்பர் மாதம். நாலு மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது. என் நிழலைக் கண்டு நானே இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். மருந்தை எல்லாம் பெட்டியில் பூட்டிவிட்டு, டோர்ச்சோடு கம்பளத்தில் தவழ்ந்துகொண்டிருந்தபோது படியில் கால் சத்தம்.

“இஞ்சேருங்கோ, எழும்புங்கோ. விளக்கு வைக்க வேணும்.”

தீப்பெட்டியோடு வாசலில் மனைவி.

“கொளுத்தாதையும்!” என்று தவழ்ந்தபடியே கத்தினேன். “ஒரு அளவு மருந்து இதுக்குள்ளை எங்கையோ கொட்டிக் கிடக்கு. நேற்று மருந்து இருந்த கோது ஒண்டு இண்டைக்கு வெறுமையாப் போச்சு. சன்னம் குழலுக்கை இறுகிப்போச்சு. அடுத்ததைப் போட்டிருந்தால் நான் முடிஞ்சன், தெரியுமே?”

அவள் தீப்பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினாள். உள்ளே குச்சிகள் ‘ஸ்ஸ்’ என்றன.

மருந்து எப்படி இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. கம்பளத்தையும் பார்க்கவில்லை. ஜன்னலடியைப் பார்த்தாள். டோர்ச்சை அங்கே திருப்பினேன். கறிவேப்பிலைச் சட்டியின் ஈர மண்ணில், கருஞ்சீரகம் தூவியதுபோல, சாம்பல் நிற மணிகள். மேலே விரலால் மண்ணை இழுத்து மூடிய தடம்.

“நீரோ கொட்டினது?”

“ஓம்.”

“கை தட்டி விழுந்திட்டுதோ?”

“இல்லை.”

“பின்னை ஏன்?”

தீப்பெட்டியைச் சாமித்தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஒண்டாவது வெடிக்காமல் கிடக்கட்டும் எண்டுதான்.”