தங்கூசியைத் தொட்ட கை

முதல் மீன்

"மீன் போட்டுக்கு அடியால போகுது! அண்ண, வலப்பக்கம் திருப்புங்க!" என்று றிஸ்வான் கத்தினான்.

கல்பிட்டியிலிருந்து கடலுக்குப் போன மூன்று நாள் மீன்பிடிப் பயணம். நான் ஸ்கிப்பர், றிஸ்வான் என் கையாள். தூண்டில் ரொட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கொழும்பில் பல் டொக்டராக இருக்கும் ஒரு மிஸ். முன்னரும் இரண்டு தடவை வந்து வெறுங்கையோடு போனவர். இந்த முறை ஒரு கெலவல்லாவை, அதுதான் மஞ்சள் செட்டைச் சூரையை, தானே பிடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இந்த விளையாட்டில் ஒரு சட்டம் உண்டு. ரொட்டையோ அதிலிருந்து போகும் தங்கூசி நூலையோ வேறொருவர் தொட்டால் அது அவர் பிடித்த மீன் இல்லை. மீன் பக்கத்தில் வந்தபின் கொக்கித் தடியால் தூக்குவது மட்டும்தான் எங்கள் வேலை.

நான் சுக்கானைத் திருப்புவதற்குள் தங்கூசி புரொப்பலர் பக்கம் போய்விட்டது. றிஸ்வான் பாய்ந்து அதைக் கையால் பிடித்து வெளியே எடுத்துவிட்டான். கைநூலில் மீன்பிடித்து வளர்ந்தவன். பக்கத்தில் நிற்பவன் மீனோடு மல்லுக்கட்டினால் எங்கள் ஆட்களுக்குக் கை தானாகப் போய்விடும்.

மீன் ஏறியது. நல்ல கொழுத்த சாமான். மிஸ் மூச்சு வாங்கியபடி திரும்பினார்.

"தம்பி, நீங்க தங்கூசியத் தொட்டீங்களா?"

இல்லையென்று சொல்லடா என்று நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன். அந்த மடையன் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஓம் மிஸ். இல்லாட்டி அறுந்திருக்கும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது உங்கட மீன்" என்று ரொட்டை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"விசராடா உனக்கு? ஆர் தொடச் சொன்னது?" என்று ஏசினேன்.

"போற மீன வாயப் பாத்துக்கிட்டு நிக்கவா அண்ண? கை கேக்குதில்லயே!"

மத்தியானம் அந்த மீனில்தான் கறி. கோபத்திலும் மிஸ் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டாவது மீன்

கடைசி நாள் மறுபடி ரீல் கத்தியது. றிஸ்வான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். மிஸ் விட்டுக்கொடுத்து, இழுத்து, விட்டுக்கொடுத்து, மீனைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். போட்டைக் கண்டதும் அது அடியில் பாய்ந்தது. நானும் திருப்பினேன். மீன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

"அண்ண..." றிஸ்வானின் கை முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தது.

"தொடாத!"

தங்கூசி அறுந்தது.

"யா அல்லாஹ், எட்டிப் பிடிச்சிருப்பனே!" என்று றிஸ்வான் தலையில் அடித்துக்கொண்டான்.

மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"விடுங்க தம்பி. இது நானே விட்ட மீன்."

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். மீன் போனாலும் போகட்டும், அடுத்தவர் பிடிக்கும் மீனில் கை வைக்காதீர்கள்.