உள்ளங்காலில் தொடங்கியது

என் கணவர் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்த அன்றுதான் எனக்கு முதன்முதலில் பயம் தட்டியது. மத்தியான வெயிலில் தெருமுனைக் கடைக்குப் போய்விட்டு, தயிர் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி சாதாரணமாக நடந்து வந்தார். இடது கால் வெறுங்கால்.

"ஏங்க, ஒரு செருப்ப எங்கன விட்டிய?"

குனிந்து பார்த்தார். "ரெண்டு காலும் ஒண்ணு போலத்தானட்டி இருக்கு" என்றார். கொதிக்கிற தார் ரோட்டில் நடந்து வந்தவர் சொன்ன பதில் அது.

அவர் திருநெல்வேலிக்கும் முக்கூடலுக்கும் நடுவில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கேட்டவர்கள் எல்லோரும் சர்க்கரை என்றார்கள். பரிசோதித்தால் சர்க்கரை இல்லை. சத்து மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர் முதுகெலும்பு என்று சொல்லி ஸ்கேன் எடுத்தார். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை. உணர்ச்சியில்லாத அந்த மரமரப்பு மட்டும் உள்ளங்காலிலிருந்து கணுக்காலுக்கு ஏறி, முழங்காலை நோக்கிப் போனது. முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவார். ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால்தான் சோப்புப் போடுவார்.

ஒருநாள் வேலை முடியுமுன்பே வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"பேட்டையில ஒரு அம்மா குறுக்க வந்துட்டா. பிரேக்க மிதிச்சேன். மிதிச்சது பிரேக்கு இல்ல. கால் எங்கன இருக்குன்னே தெரியலட்டி. ஹேண்ட் பிரேக்க இழுத்துத்தான் நிப்பாட்டினேன்."

"அந்த அம்மாவுக்கு?"

"ஒண்ணும் ஆகல. ஏசிட்டுப் போனா." கொஞ்ச நேரம் தன் பாதங்களையே பார்த்தார். "முதலாளிட்ட சொல்லிட்டேன், இனி ஓட்ட மாட்டேன்னு."

அதற்குப் பிறகு பார்த்த நரம்பு டாக்டர்தான் ரத்தத்தில் புரதத்தைப் பார்க்கச் சொன்னார். மதுரைக்கு அனுப்பி, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்தார்கள். முடிவு வந்ததும் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "அண்ணாச்சி, நோய் நரம்புல தொடங்கல. ரத்தத்துல. இது ஒரு வகை ரத்தப் புற்றுநோய். ரொம்ப அபூர்வம்." நோய்க்கு ஒரு வெளிநாட்டுப் பெயர் சொன்னார். மஜ்ஜையில் கெட்டுப்போன அணுக்கள் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டுகின்றன, அது போய் நரம்பின் மயலின் உறையைத் தாக்குகிறது என்றார்.

மயலின் உறையை நான் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். மஞ்சள் சாக்பீஸால் தீட்டி, பிள்ளைகளை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"என்னட்டி சொல்லுதாரு?" என்று கணவர் என்னிடம் கேட்டார்.

"வயரு மேல இருக்க ரப்பர் உரிஞ்சு போவுது."

"அத மாத்தலாமா?"

டாக்டர் எனக்கு முன்பாகப் பதில் சொல்லிவிட்டார். "முதல்ல ரத்தத்தச் சரிபண்ணுவோம்."

ரத்தம் சரியானது. மாதாமாதம் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து ஏற்றிக்கொண்டார். காய்ச்சலும் வாந்தியும் வந்து போயின. புரதம் குறைந்திருந்த ரிப்போர்ட்டை டாக்டர் சிரித்த முகத்தோடு காட்டினார்.

"காலு எப்ப சார் வரும்?"

"பட்டுப்போன நரம்பு திரும்புறது கஷ்டம், அண்ணாச்சி. இதுக்கு மேல கெடாமப் பாத்துக்கலாம்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "ரத்தத்த மட்டும் வச்சு நான் என்ன செய்ய?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார்.

கெடாமலும் இருக்கவில்லை. அடுத்த வருடம் கை நடுங்கத் தொடங்கியது. சட்டைப் பித்தானை நான்தான் மாட்டிவிடுவேன். பிறகு தலைவலி. எதிரில் நிற்பவர் இரண்டாகத் தெரிந்தார். ஒரு காலையில் கரண்டியைக் காட்டி, "அந்தச் சாவிய எடு" என்றார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். மஜ்ஜையில் கெட்டுப்போன அந்த அணுக்கள் மூளையைச் சுற்றியிருக்கும் நீருக்கே போய்விட்டன. "இந்த நோய்லயே இப்படி ஆகுறது அபூர்வம்" என்றார் மதுரை டாக்டர். அந்த வார்த்தையை என்னவோ பாராட்டுவது போல ஆளாளுக்குச் சொன்னார்கள்.

புது மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாள் தெளிந்தார். சொதி வேண்டும் என்று கேட்டார். தேங்காய்ப் பால் எடுத்து, முருங்கைக்காய் போட்டு வைத்தேன். நானே ஊட்டினேன். "உப்பு கம்மியா இருக்கு" என்றார். உண்மையிலேயே கம்மிதான். மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று அன்று நம்பினேன். அந்த வாரம் முடிவதற்குள் என்னை யாரென்று கேட்டார்.

வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அதன் பிறகு பேச்சு இல்லை. விழுங்குவதும் நின்றது. நெஞ்சில் சளி கட்டியது. ஐப்பசி மழையில் ஒரு விடியலில், நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு அடங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "படுக்கையில கெடந்து ரொம்ப சீரழியாமப் போயிட்டாரு, அந்த மட்டுக்கும் நிம்மதி." சரி என்று தலையாட்டினேன். அவர்கள் எதையாவது சொல்ல வேண்டுமே.

அவர் பக்கத்தில் வெகுநேரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்ததில் என் கால்கள் மரத்துப்போயிருந்தன. எழுந்தபோது காலுக்குத் தரை தெரியவில்லை. சுவரைப் பிடித்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவது போல ரத்தம் ஓடி, சுள்ளென்று வலித்து, இரண்டு பாதங்களிலும் உணர்வு திரும்பியது. திரும்பியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"குளிப்பாட்ட வெந்நி போடணும், யாராவது வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நானே போனேன்.