மூன்றாம் நம்பர் பேட்டரி

கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர், தொண்ணூறுகளின் நடுவில் ஒருமுறை விடுமுறைக்கு வந்தபோது, ஜப்பானில் வாங்கிய வீடியோ கேமராவை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். மூன்று பேட்டரிகள், ஒரு சார்ஜர், ஒரு கையேடு. கையேடு முழுக்க ஜப்பானிய மொழி. என் கணவர் எடுத்தால் படம் ஆடியது. எனக்குக் கை ஆடாமல் நின்றது. அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நான், அப்படித்தான் எங்கள் மயிலாப்பூர் வீட்டின் கேமராக்காரி ஆனேன்.

பேட்டரியை எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருப்பேன். பத்து நிமிடம் படம் எடுத்தாலும் உடனே கொண்டுபோய்ச் செருகிவிடுவேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைப்பு. ஆறு மாதம் கழித்து நாத்தனாரின் வளைகாப்பு. முதல் வளையலை ஏற்றும்போது கேமரா அணைந்தது. மற்ற இரண்டையும் போட்டுப் பார்த்தேன். இரண்டும் சேர்ந்தும் கால் மணி நேரம் தாங்கவில்லை. நாத்தனார் இரண்டு கையையும் நீட்டியபடி, "மன்னி, எடுத்தாச்சா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த உருது டீச்சர் என் நெருங்கிய சிநேகிதி, ராயப்பேட்டைக்காரி. "அந்தப் புக்கை என்கிட்ட கொடுங்க டீச்சர்" என்றாள். அவளுடைய அண்ணன் தோல் ஏற்றுமதி செய்பவர். அந்த வாரம் அவரிடம் சரக்கு பார்க்க ஒரு ஜப்பானியர் வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் அவர் பேட்டரிப் பக்கத்தை உடைந்த ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்ல, அண்ணன் தமிழில் எழுதினாராம்.

எழுதியிருந்தது கொஞ்சம்தான். கேமரா தானாக அணையும்வரை பேட்டரியைப் பயன்படுத்து. பிறகு சார்ஜ் செய். பாதியில் செருகிக்கொண்டே இருந்தால் அதன் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைந்துபோகும். சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதே. நிறைந்ததும் எடுத்துவிடு. குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வை.

மற்றதெல்லாம் சரி. மே மாத மயிலாப்பூரில் குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது? பேட்டரிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் ஒட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

மாமியார் ஃப்ரிட்ஜைத் திறந்தார். "ஏண்டிம்மா, தோசை மாவுக்கு எடமில்லேன்னு நேத்திக்குத்தான் சொன்னே. இது யார் ஆத்துச் சாப்பாடு?"

"பேட்டரிம்மா. வெயில் ஆகாதாம்."

"நேக்கும்தான் ஆகலை. என்னை எங்கே வெக்கப்போறே?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, மாவுப் பாத்திரத்தை நகர்த்தி டப்பாவுக்கு இடம் விட்டார்.

எந்த நம்பர் எவ்வளவு நேரம் ஓடியது என்று நோட்டில் குறித்துவந்தேன். முழுதாகத் தீர்த்து முழுதாக நிரப்பிய நான்காவது ஐந்தாவது தடவையில், மூன்றுமே அரை மணி நேரத்தைத் தாண்டின. எனக்கு வந்த சந்தோஷத்தில், எதுவும் நடக்காத எங்கள் தெருவையே ஒரு சாயங்காலம் முழுக்கப் படம் எடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சிநேகிதியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. "எங்க பக்கம் பொம்பளைங்க கூடத்துக்குள்ள ஆம்பளை கேமராக்காரர் வரமுடியாது. நீங்கதான் எடுக்கணும்" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்து, மூன்று பேட்டரியையும் முழுதாகத் தீர்த்து முழுதாக நிரப்பிவைத்தேன்.

ராயப்பேட்டையில் பகல் கல்யாணம். மண்டபத்தின் நடுவில் கனத்த திரை. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். பெண்ணை அலங்கரித்ததிலேயே ஒன்றாம் நம்பர் தீர்ந்தது. இரண்டைப் போட்டேன். மூன்றாம் நம்பர் பையில் இருந்தது. நிக்காஹ் தொடங்கவிருந்த நேரத்தில் கரண்ட் போனது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. ஆண்கள் பக்கம் எடுத்துக்கொண்டிருந்த கேமராக்காரர்.

"அக்கா, உங்களாண்ட பேட்டரி ஒண்ணு கீதுங்களா? என்னுது எல்லாம் அஞ்சு நிமிசம்கூட நிக்கறதில்ல. கரண்ட்ல போட்டுத்தான் எடுத்துக்கினு இருந்தேன். மாப்பிள்ளை கையெழுத்துப் போடப் போறாருக்கா!"

அவருடையதும் என்னுடையதைப் போன்ற கேமராதான் என்று சிநேகிதி முன்பே சொல்லியிருந்தாள். மூன்றாம் நம்பரைக் கொடுத்துவிட்டால் எனக்கு மாற்று இல்லை. மாப்பிள்ளை கண்ணாடியில் பெண் முகம் பார்க்கும் சடங்கு இனிமேல்தான். சிநேகிதியைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். திரைக்குக் கீழே கையை நீட்டி அதைக் கொடுத்துவிட்டேன்.

கரண்ட் வரவேயில்லை. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையை அவருடைய அக்காமார்கள் எங்கள் பக்கம் அழைத்து வந்தார்கள். நான் வகுப்பில் போடும் குரலைப் போட்டு, பெண், மாப்பிள்ளை, ஜமக்காளம் எல்லாவற்றையும் ஜன்னலோரம் நகர்த்தினேன். நல்ல வெளிச்சம். இருவர் தலைக்கு மேலும் சால்வையைப் பிடித்து, நடுவில் கண்ணாடியை வைத்தார்கள். ஒரு பக்கம் சால்வையைத் தூக்கி எனக்கு வழிவிட்டாள் சிநேகிதி.

மாப்பிள்ளை குனிந்தார். விழித்தார். மறுபடி குனிந்தார்.

"தெரியுதா?" என்று அக்காமார்கள் கேட்டார்கள்.

"ஒண்ணுமே தெரியல" என்றார் பாவம் போல. புழுக்கத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

அதுவரை தலை நிமிராத பெண் சட்டென்று கையை நீட்டி அந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். தன் முந்தானையில் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியான பிறகு அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். "இப்ப பாருங்க."

கூடமே கூச்சல் போட்டுச் சிரித்தது. மாப்பிள்ளைக்குக் காது வரை சிவந்துவிட்டது. என் கை மட்டும் ஆடவில்லை. இரண்டாம் நம்பர் அதையும் தாண்டி, எல்லோரும் பிரியாணிக்குப் போகும்வரை ஓடிவிட்டுத்தான் அணைந்தது. அணையட்டும், தீர்ந்து அணைவதுதான் அதற்கு நல்லது என்று நானும் சாப்பிடப் போனேன்.

கேமராக்காரர் மூன்றாம் நம்பரைக் கைக்குட்டையில் சுற்றித் திரைக்குக் கீழே தள்ளினார். "கையெழுத்து, துவா ஓதுனது, எல்லாம் வந்துடுச்சுக்கா. இத்த இன்னா பண்ணி வெச்சுக்கினு கீறீங்க? கடை மாத்தி வாங்குனீங்களா?"

"ஃப்ரிட்ஜில வெச்சிருக்கேன்."

"மெய்யாலுமாக்கா?"

கையேட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். கடைசிவரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதி வீட்டில் கேசட் போட்டார்கள். ஆண்களை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, இருபது இருபத்தைந்து பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தோம். மூக்குக்கண்ணாடி துடைக்கும் இடத்தை நாலு தடவை திருப்பிப் போட்டார்கள். கல்யாணப்பெண் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ஐயோ டீச்சர், நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். ஒருவரும் நிறுத்தவில்லை. கிளம்புவதற்குள் மூன்று பேர் என் விலாசத்தை வாங்கிக்கொண்டார்கள்; மூவர் வீட்டிலும் கல்யாணம்.