டீக்கடை மேல் போன காற்றாலை இறக்கை

போன ஆடி மாதம், கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் சாலை வளைவில் இருக்கும் என் டீக்கடையில் நடந்தது இது. நான்கு கம்பம், மேலே தகரம், அவ்வளவுதான் கடை. ஆனால் என் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

காலை வியாபாரம் ஓய்ந்த நேரம். ஜீப்பில் வந்த சூப்பர்வைசர் ஒருவர், "அம்மா, காத்தாலை இறக்கை ஏத்துன வண்டி வருதுங்க. வளைவுல திரும்புறப்ப அதோட வால் ஒங்க கடை மேல வரும். தகரத்தைக் கழட்டிட்டு, திரும்ப மாட்டித் தந்துருவோம்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "கழட்டுறப்ப எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. அப்புறம் ஒங்களை எங்கிட்டுப் போய்த் தேடுறது?" என்று கத்தினேன். அதற்குள் வண்டியே வந்துவிட்டது. ஆத்தாடி! ஒற்றை இறக்கை, ஒரு தெரு நீளம். அதன் பின்னால் பஸ்ஸும் லாரியும் நின்று ஹாரன் அடிக்க, வேறு வழியில்லாமல் சரி என்றேன்.

தகரம் இறங்கியது. லாரி மெல்ல நகர, ஒருவர் கையில் ரிமோட்டோடு அதன் பின்சக்கரங்களைத் திருப்பிக்கொண்டே கூடவே நடந்தார். இறக்கை என் பாய்லருக்கு மேலே ஊர்ந்து போனது. எங்கே இடித்துத் தொலைக்குமோ என்று உயிர் என்னிடத்தில் இல்லை. ஒரு கம்பத்தைக்கூட உரசவில்லை! பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சண்டை போட்ட நானும்தான் தட்டினேன்.

வண்டி போனது. பின்னாலேயே ஜீப்பும் போனது. தகரத்தைக் கழற்றியவர்களும் அதில் ஏறிப் போய்விட்டார்கள். வெயிலில் மொட்டையாக நின்ற கடையைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லா ஏமாந்தோம் என்று வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே ஜீப் திரும்பி வந்தது. "அவ்வளவு பெரிய வண்டியை நடுரோட்டுல நிறுத்த முடியாதுங்கம்மா. அங்கிட்டு அகலமான எடத்துல போட்டுட்டு வாரோம்" என்றார் சூப்பர்வைசர். தகரத்தை மாட்டியதோடு, துருப்பிடித்த போல்ட்டுகளையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டீயை நீட்டியபடி, "இதை வச்சு எப்படிங்க கரண்டு எடுக்குறீங்க?" என்று பேச்சை மாற்றினேன்.

"சைக்கிள் டைனமோ பாத்திருப்பீங்கள்ல? நாம மிதிச்சா லைட்டு எரியும். இங்க நமக்குப் பதிலா காத்து மிதிக்குது. இறக்கை சுத்த, அது கோபுரத்து உச்சியில இருக்குற ஜெனரேட்டரைச் சுத்த வைக்கும், கரண்டு வந்துரும்" என்று சிரித்தார்.

சாயங்காலம் கடையில் லைட் போடும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம்தான். ஊருக்கே வெளிச்சம் கொண்டுபோகிற அவசரத்திலும் என் நாலு தகரத்துக்காகத் திரும்பி வந்தார்களே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.