வெந்தய டப்பாவுக்குப் பின்னால்

அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளில் நான் ரொம்பக் கறார். மாத்திரையைச் சப்பி விழுங்கியதும் ஒவ்வொரு பிள்ளையும் என் முன்னால் வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புகிற வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். நாலு வயதுப் பிள்ளையின் வாயை நம்பாத நான், என் வாயை மட்டும் ஊர் நம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தேன். ஊரும் நம்பியது.

திருவாரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் வர வேண்டிய ஊர் எங்களுடையது. அந்த வருஷம் தை மாதத்தில் மூன்று நாள் விடாமல் பெய்த மழையில், அறுக்க இருந்த சம்பா அத்தனையும் வயலிலேயே சாய்ந்து முளைவிட்டது. ஆலயத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று போதகர் கேட்டால், எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கர்த்தர் நன்மை செய்தார் என்று எழுந்து நின்று சொல்ல யாரிடமும் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில்தான், ஈஸ்டருக்கு முந்தைய உபவாச நாட்களான லெந்து காலத்துக் கூட்டம் வந்தது. வெளியூரிலிருந்து ஓர் ஊழியர் வந்து மூன்று நாள் பிரசங்கித்தார். எனக்குச் சர்க்கரை வியாதி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இரண்டாம் நாள் அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். மூன்றாம் நாள் காலையில் துணை சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. இரண்டு நாள் பட்டினி கிடந்து, மாத்திரையும் போட்டால் இறங்காமல் என்ன செய்யும்? அது எனக்கும் தெரியும். இருந்தாலும் இறங்கியது உண்மைதானே என்று அன்றைய கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். அதுவரைக்கும் நான் சொன்னதில் பொய் இல்லை.

ஊழியர் மைக்கை என் பக்கம் நீட்டினார். "மாத்திரை போடுறீங்களா சகோதரி?"

"இல்லீங்க" என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கூட வரவில்லை. அவர் முகத்தில் அந்த பதிலுக்கான இடம் ஏற்கெனவே இருந்தது, நான் அதை நிரப்பினேன். ஆலயமே கை தட்டி ஸ்தோத்திரம் சொன்னது. தை மழையிலிருந்து செத்துக் கிடந்த முகங்களில் உயிர் வந்ததைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று காலை போட்ட மாத்திரையின் அட்டை அடுக்களையில் கிடந்தது. வீட்டுக்குப் போனதும் அதை எடுத்து வெந்தய டப்பாவுக்குப் பின்னால் தள்ளினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "கர்த்தர் பாதி, மாத்திரை பாதியா?" என்றார் சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை. நாளைக்கு நிறுத்திவிடுவேன், நிறுத்திவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். நாலு நாள் நிறுத்தியும் பார்த்தேன். நாக்கு வறண்டு, தலை சுற்றி, ஐந்தாம் நாள் டப்பாவுக்குப் பின்னால் கை தானாகப் போனது. வீட்டுக்கு மாத்திரை கொண்டுவந்து தரும் சுகாதாரப் பணிப் பெண்ணிடம் இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாதா மாதம் திருவாரூர் போய் முகம் தெரியாத கடையில் வாங்கி வந்தேன்.

சாட்சி என்னை விடவில்லை. பக்கத்து ஊர்ச் சபைகளிலும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. மூன்றாவது ஊரில், விசுவாசத்தோடு மாத்திரைப் பையைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தேன் என்று சொன்னேன். எங்கிருந்து வந்ததோ அந்த வாய்க்கால்! ஆனால் சொல்லும்போது தண்ணீரில் பை மிதந்து போவது எனக்கே கண்ணில் தெரிந்தது.

எதிர்த் தெருவில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில் வேலை பார்த்தான். நடவுக்கும் களையெடுக்கவும் போய்ப் பிழைத்தாள். ஆலயத்தில் என் பக்கத்தில்தான் உட்காருவாள், நான் சாட்சி சொல்லப் போன ஊர்களுக்கும் கூட வந்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே வருஷத்தில் சர்க்கரை கண்டுபிடித்தார்கள், ஒரே மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை போடாத டீயை ஒரே மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்போம். உலகத்தில் எனக்குத் தோழி என்று சொல்ல அவள் ஒருத்திதான்.

ஈஸ்டர் முடிந்த வாரம் அவள் என் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நானும் போட்டுட்டேன்."

"என்னத்த?"

"மாத்திரைய. நீங்க சொன்னாப்லயே. பையோட வாய்க்கால்ல."

என் முதுகுக்குப் பின்னால் அலமாரி. அதில் வெந்தய டப்பா. கையை நீட்டினால் எட்டும். எடுத்துக் காட்டி, "அடி பைத்தியமே, இதோ பாரு" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷம் இருந்தது. நான் என்ன சொன்னேன் என்றால், "விசுவாசமா இரு" என்றேன். அவள் ஆமென் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குறுவை நடவில் அவள் காலில் கருவ முள் ஏறியது. வலிக்கவில்லை என்றாள். வலி தெரியாததுதான் அந்த வியாதியின் குணம் என்று சுகாதாரக் கூட்டங்களில் தாய்மார்களுக்கு வாசித்துக் காட்டுகிறவளே நான்தான். மஞ்சள் வைத்துக் கட்டினாள், ஜெப எண்ணெய் தடவினாள், மறுபடி சேற்றில் இறங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நானும் இரண்டு தடவை சொன்னேன். சொன்னேன் என்பதை இங்கே எழுதிக்கொள்ளக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் போக வேண்டும் என்பதை நான் சொல்லவில்லையே. புண்ணில் வாடை வந்த பிறகு மகன் வந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தான். காலை முழங்காலோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். சர்க்கரை நோயாளிக்கு எதை வாங்குவது என்று தெரியாமல் பழக்கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றது ஞாபகம் இருக்கிறது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆச்சுக்கா. எனக்கு ஆகல. எங்கிட்டதான் ஏதோ குறை. என் விசுவாசம் பத்தல."

நோயில் கிடக்கிறவள் எனக்கு ஆறுதல் சொல்வது போல அதைச் சொன்னாள். நான் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் மழை அடித்தது, மூடத் தோன்றவில்லை. இறங்கும்போது கண்டக்டர், "என்னம்மா, இப்படி நனைஞ்சிருக்கீங்க" என்றார்.

அதன் பிறகு எனக்கு ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் போடுவதற்கு எனக்கு இரண்டு முழங்கால் இருக்கிறது என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். கர்த்தர் கோபமாக இருக்கிறார் என்று பயந்ததைவிட, அவர் அந்த "இல்லீங்க"வைக் கேட்டுக்கொண்டு இன்னும் அங்கேயே நிற்கிறார், மேற்கொண்டு எதுவும் பேச மாட்டார் என்றுதான் தோன்றியது.

அவள் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துப் போய்ச் சொன்னேன். வெந்தய டப்பாவிலிருந்து வாய்க்கால் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். முடித்ததும் துணி சுற்றியிருந்த காலைப் பார்த்தாள்.

"அப்ப இது?"

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"சபையில இத சொல்லாதீங்க, டீச்சர்" என்றாள். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். "விசுவாசம் பத்தாதவன்னே இருந்துட்டுப் போறேன். ஏமாந்தவன்னு ஊரு சிரிக்க வேணாம்."

சரி என்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் அதே ஊழியர் மறுபடி வந்தார். ஆலயத்தின் கதவுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போதகர் என்னைக் கை காட்டி, "போன லெந்துல இந்த டீச்சருக்கு நடந்தது இங்க யாருக்கு வேணும்னாலும் நடக்கும்" என்று அறிவித்தார். மைக் என்னிடம் வந்தது. நான் எழுந்தேன். சுருக்கமாக ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்துவிடுவது என்றுதான் எழுந்தேன். முன் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிரஷர் உள்ளவள், மூன்று பிள்ளைகளுக்குத் தாய், கடைசிப் பிள்ளை என் அங்கன்வாடியில்தான் படிக்கிறான். அவள் மடியில் ஒரு மஞ்சள் பை. அதன் வாயிலிருந்து மாத்திரை அட்டையின் விளிம்பு எட்டிப் பார்த்தது. பீடத்தில் வைத்துவிட்டுப் போகக் கொண்டுவந்திருந்தாள்.

"நான் மாத்திரை போட்டேன்" என்றேன். மைக்கில் என் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அன்னைக்குக் காலையில போட்டுட்டு வந்துதான் இல்லைன்னு சொன்னேன். இன்னைக்கும் போட்டிருக்கேன். வாய்க்கால்ல எதையும் போடல. அந்தப் பைய வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மா."

எதிர்த் தெருக்காரியின் பெயரை நான் எடுக்கவே இல்லை. ஆனாலும் எல்லாத் தலையும் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த அவள் இடத்தைப் பார்த்துத் திரும்பின. போதகர் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்தார். மறுநாள் வீட்டுக்கு வந்து, "எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல இனி நான் வர வேண்டாம் என்றும் சொன்னார். அது நியாயம்தான். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். எனக்கு லேசாகவில்லை. பொய் சொன்னவள் என்பதோடு வாக்குத் தவறியவள் என்பதும் சேர்ந்துகொண்டது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துச் சுகாதாரப் பணிப் பெண் என்னை அங்கன்வாடியில் வந்து பார்த்தாள்.

"அவங்க மாத்திரை வாங்க மாட்டேங்குறாங்க டீச்சர். சாமியும் பொய், மாத்திரையும் பொய்ங்கறாங்க. மத்த காலுல கொப்புளம் வந்திருக்கு. நீங்க சொன்னா கேப்பாங்களா?"

நான் சொன்னதைக் கேட்டதால் வந்தது இது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? அவள் பங்கு மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அங்கன்வாடிக்குப் போகும் வழியில் அவள் வாசலில் நின்று கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. அடுத்த நாளும் தட்டினேன். கார்த்திகை முழுக்கத் தட்டினேன். தெருவில் தண்ணீர் கணுக்கால் வரை நின்ற நாட்களிலும் போனேன். இதைப் பெரிய தியாகம் போல யாரும் எண்ண வேண்டாம். போகாமல் இருந்தால் அன்றைய சோறு எனக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான். அந்த நாட்களில்தான் மறுபடி ஜெபம் வந்தது. அதுவும் நீளமாக வரவில்லை. இன்று ஒரு நாள் எதையும் கூட்டிச் சொல்லாமல் இருக்க உதவி செய்யும் ஆண்டவரே, என்று கேட்பேன். சில நாள் உதவினார். சில நாள் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில் கூட்டிச் சொல்லியிருப்பேன். மறுநாள் அதே ஆளிடம் போய்த் திருத்துவேன். என்ன டீச்சர், இதுக்கெல்லாமா என்று சிரிப்பார்கள்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு காலை கதவு தாழ் போடாமல் இருந்தது. அவள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற காலில் கட்டுப் போட்டிருந்தது. நான் மாத்திரை அட்டையையும் ஒரு செம்புத் தண்ணீரையும் அவள் பக்கத்தில் வைத்தேன். அவள் தொடவில்லை.

"உங்களுது எங்க?" என்று கேட்டாள்.

என் பையில் இருந்தது. காலையில் அவசரத்தில் போடாமல் எடுத்து வந்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

"போடுங்க."

போட்டுத் தண்ணீர் குடித்தேன்.

"வாயத் தொறங்க, டீச்சர்."

அவள் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

இன்றைக்கும் தினம் காலையில் போகிறேன். இன்றைக்கும் நான்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும்.